கடலோரப் பள்ளியில் ஆங்கிலம்: பிள்ளைக்கு மொழி எப்படி வருகிறது, வகுப்பில் என்ன செய்வது

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கரையை ஒட்டிச் சங்கும் பாசிமணியும் விற்பவர்கள் வடக்கேயிருந்து வரும் யாத்ரீகர்களிடம் இந்தியில் விலை சொல்லி, பேரம் முடித்து, அடுத்த தீர்த்தத்துக்கு வழியும் காட்டி அனுப்புகிறார்கள். அவர்களில் பலர் எந்த இந்தி வகுப்பிலும் உட்கார்ந்ததில்லை. அதே தெருவில் வளர்கிற பிள்ளை, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் படித்து எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகும், "நேற்று ஏன் வரல?" என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லத் திணறுகிறது. பிள்ளையின் புத்தியில் குறை எதுவும் இல்லை. கடையில் காதில் விழுகிற பேச்சுக்குப் பொருள் கண்முன்னே இருக்கிறது. அதே பேச்சு நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. பதில் சொல்லாவிட்டால் வியாபாரம் போய்விடும். தப்பாகச் சொன்னாலும் யாரும் சிரிப்பதில்லை. வகுப்பில் பெரும்பாலும் இந்த நான்குமே இல்லை.

ஆனால் கடையில் கற்ற மொழிக்கும் ஓர் எல்லை உண்டு. வியாபாரத்துக்குப் போதுமான அளவு வந்ததும் அது அப்படியே நின்றுவிடும். இந்தியின் ஆண்பால், பெண்பால் குழப்பம் இருபது வருஷமானாலும் தீராது, எழுத்தும் வராது. கற்பவர் பேசுவது அரைகுறை மொழி அல்ல, அதற்கென்று ஒழுங்குள்ள ஓர் இடைநிலை மொழி என்றும், அது வளராமல் பாதியில் உறைந்துவிடக்கூடும் என்றும் மொழியியலாளர் லாரி செலிங்கர் 1972இல் எழுதினார். அந்த உறைதலைத் தடுக்க வகுப்பால் முடியும். வாசிப்பு, பலவிதமான பேச்சுப் பொருள், நேரம் பார்த்துச் செய்யும் திருத்தம் மூன்றும் அங்கேதான் கிடைக்கும். கடையில் இருப்பதை வகுப்புக்குள் கொண்டுவந்து, கடையில் இல்லாததை அதோடு சேர்ப்பதுதான் ஆசிரியர் வேலை. கீழே உள்ளவை 3 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆங்கிலம் எடுப்பவர்களுக்கும், மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், தொண்டி பக்கங்களில் மாலை நேர வகுப்பு நடத்துபவர்களுக்கும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்

பாடத்திட்டம் ஒரு வரிசையில் போகிறது. பிள்ளையின் மனது வேறு வரிசையில் போகிறது. ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளும் சீனம் பேசும் பிள்ளைகளும் ஆங்கில இலக்கணக் கூறுகளைக் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் பிடிப்பதை டூலேயும் பர்ட்டும் 1974இல் காட்டினார்கள். 'இங்' விகுதியும் பன்மை 'எஸ்'ஸும் முன்னதாக வந்துவிடும். 'ஹி கோஸ்', 'ஷி ஈட்ஸ்' என்பதில் வரும் 'எஸ்' கடைசியில்தான் ஒட்டும். மூன்றாம் வகுப்பில் அதைப் பக்கம் பக்கமாக எழுத வைத்துப் பரீட்சையில் முழு மார்க் வாங்கிய பிள்ளை, வராந்தாவில் "ஹி கோ ஹோம்" என்று சொன்னால் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். எழுதும்போது யோசிக்க நேரம் இருக்கிறது, விதி நினைவுக்கு வருகிறது. பேசும்போது அந்த நேரம் இல்லை. மனதுக்குள் ஊறிப்போனது மட்டும்தான் வாயில் வரும்.

எதிர்மறையும் இப்படித்தான் படிப்படியாக வரும். முதலில் "நோ கம்". பிறகு "ஹி டோன்ட் கம்". அதன்பின் "ஹி டிட் நாட் கேம்". கடைசியில் "ஹி டிட் நாட் கம்". இதில் மூன்றாவதைக் கேட்டால் சந்தோஷப்பட வேண்டும். இறந்தகாலத்தை எங்கே காட்டுவது என்று பிள்ளை கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். இன்னொன்றையும் கவனியுங்கள். "மை ஃபாதர் காட் ஃபிஷ்" என்று ஜூலையில் சரியாகச் சொன்ன பிள்ளை நவம்பரில் "கேட்ச்டு ஃபிஷ்" என்று சொல்லும். படித்தது மறந்துவிட்டதோ என்று தோன்றும். நடந்தது வேறு. முன்பு 'காட்' என்பது கேட்டதைச் சொல்லும் தனிச்சொல். இப்போது 'எட்' விகுதியின் விதி பிடிபட்டதும் எல்லா வினைக்கும் அதைப் போட்டுப் பார்க்கிறது. சில மாதத்தில் 'காட்' தானாகத் திரும்பி வரும், இந்தமுறை கெட்டியாக.

கற்பவரின் பிழைதான் அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று காட்டும் என்று பிட் கார்டர் 1967லேயே சொல்லிவிட்டார். பிள்ளை நிற்கிற படிக்கு அடுத்த படியைச் சொல்லிக்கொடுத்தால் ஏறும், இரண்டு படி தள்ளிச் சொல்லிக்கொடுத்தால் ஏறாது என்பது 1980களில் மான்ஃப்ரெட் பீனெமன் கண்டது. அதனால் "நோ கம்" நிலையில் இருக்கும் வகுப்பில் 'டிட் நாட்' பற்றி ஒரு வாரம் பாடம் எடுப்பது பலன் தராது. 'டோன்ட்' நிறையக் காதில் விழட்டும், அது போதும்.

கேட்பது முன்னே, பேசுவது பின்னே

ஆரம்ப நிலைப் பிள்ளைகளுக்கு முதல் ஆறு வாரம் தினமும் பத்து நிமிடம் கேட்டுச் செய்யும் பயிற்சி போதும். ஜேம்ஸ் ஆஷர் உருவாக்கிய முறை இது. மேசையில் ஊரில் கிடைப்பதை வையுங்கள்: சிப்பி, வலைத்துண்டு, மிதவை, கயிறு, பனையோலைக் கொட்டான். "டச் த நெட்", "புட் த ஷெல் அண்டர் த சேர்", "கிவ் த ரோப் டு செல்வி" என்று நீங்கள் சொல்ல, பிள்ளைகள் செய்ய வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று புதிய கட்டளைக்கு மேல் வேண்டாம். அவற்றைப் பழையவற்றோடு கலந்து, வரிசை மாற்றிச் சொல்லுங்கள். கடைசி இரண்டு நிமிடம் அதுவரை கேட்டே இராத சேர்க்கையைக் கொடுங்கள்: "புட் த ரோப் ஆன் த நெட் அண்ட் சிட் டவுன்." அதைச் செய்துவிட்டால் மொழி உள்ளே போயிருக்கிறது.

இதில் கெட்டுப்போவது மூன்று இடத்தில். ஒரே வரிசையில் சொன்னால் பிள்ளை சொல்லைக் கேட்காது, வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளும். கையால் காட்டிக்கொண்டே சொன்னால் கையைத்தான் பார்க்கும். மூன்றாம் முறைக்குப் பிறகு கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்தால் கண்ணை மூடிச் செய்யச் சொல்லுங்கள்.

பேசாமல் இருக்கும் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். அந்த மௌனம் பல மாதம்கூட இருக்கலாம். அந்தப் பிள்ளையிடம் கேள்வியின் பளுவைக் குறையுங்கள். "இஸ் இட் எ க்ராப்?" என்று கேட்டால் தலையாட்டினால் போதும். "க்ராப் ஆர் ப்ரான்?" என்று கேட்டால் ஒரு சொல் போதும். "வாட் இஸ் இட்?" அதற்கு மேல். "வேர் டிட் யூ சீ இட்?" கடைசி. ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்தக் கேள்வி என்று ஆசிரியர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தால் ஐம்பது பேர் வகுப்பிலும் எல்லாரும் பதில் சொல்லலாம்.

கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீளமாகின்றன என்றும் மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளில் கண்டார். அவர்கள் சொந்த மொழியில் பதில் சொன்ன பிள்ளைகள். வேற்று மொழியில் சொல்வதற்கு ஐந்து நொடி கொடுங்கள். வகுப்பில் ஐந்து நொடி அமைதி மிக நீளமாகத் தெரியும். மனதுக்குள் எண்ணிக்கொண்டே நில்லுங்கள்.

பேச வைக்கும் வேலை

கேட்டுப் புரிவது மட்டும் போதாது. கனடாவில் எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சில் படித்த ஆங்கிலப் பிள்ளைகள் பிரெஞ்சை நன்றாகப் புரிந்துகொண்டும் பேச்சில் பின்தங்கியதைப் பார்த்துத்தான் மெரில் ஸ்வெய்ன், சொந்தமாகச் சொல்ல முயலும்போதுதான் எது தெரியாது என்பது தெரியவரும் என்று 1985இல் வாதிட்டார். சொல்ல முயல வேண்டுமென்றால் சொல்வதற்குத் தேவை இருக்க வேண்டும். இதற்கு நம் பக்கத்திலேயே வழி காட்டியவர் என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட தென்னிந்திய ஊர்களில் சாதாரணப் பள்ளிகளில், பெரிய வகுப்புகளில், இலக்கணப் பாடமே எடுக்காமல் கணக்கு, வரைபடம், ரயில் அட்டவணை போன்ற வேலைகள் வழியாக ஆங்கிலம் கற்றுத்தரும் திட்டத்தை நடத்தினார். முதலில் ஆசிரியர் ஒரு வேலையை வகுப்பு முழுவதோடும் வாய்மொழியாகச் செய்வார். பிறகு அதேபோன்ற இன்னொன்றைப் பிள்ளைகள் தனித்தனியே செய்வார்கள். வகுப்பில் பாதிப் பேர் வேலையில் பாதியைச் சரியாகச் செய்தால் அந்த வேலையின் கடினம் பொருத்தம் என்பது அவர் வைத்த அளவு. நல்ல அளவு அது. எல்லாரும் எல்லாமும் சரியாகச் செய்தால் வேலை ரொம்ப எளிது என்று பொருள்.

நம் ஊருக்கு ஒரு வேலை. கரும்பலகையில் மூன்று மீன்கடை, இரண்டு சரக்கு. முதல் கடை: நண்டு கிலோ 450, கணவாய் 280. இரண்டாவது: நண்டு 420, கணவாய் 320. மூன்றாவது: நண்டு 480, கணவாய் 250. கேள்வி: கையில் 1000 ரூபாய் இருக்கிறது, ஒரே கடையில் 1 கிலோ நண்டும் 2 கிலோ கணவாயும் வாங்க வேண்டும், எந்தக் கடைக்குப் போவது, ஏன்? நண்டு விலையை மட்டும் பார்க்கிற பிள்ளை இரண்டாவது கடை என்று சொல்லும். அங்கே 1060 ஆகிவிடும். முதல் கடையில் 1010. நண்டு விலை அதிகமான மூன்றாவது கடைதான் 980இல் முடியும். "வை நாட் ஷாப் டூ?" என்று கேட்டுப் பாருங்கள். தப்பாகச் சொன்ன பிள்ளையை மடக்கவும், தன் கணக்கைக் காப்பாற்றவும் வகுப்பில் ஆங்கிலம் பிறக்கும். மீன்விலை தெரிந்த பிள்ளைகள் என்பதால் எண்களும் நம்பும்படி இருக்க வேண்டும். சூடை மீனுக்கும் சீலா மீனுக்கும் ஒரே விலை போட்டால் ஆங்கிலத்தை விட்டுவிட்டு அதைப் பற்றித் தமிழில் சண்டை போடுவார்கள்.

வகுப்பு பழகியதும் இதையே இருவர் வேலையாக மாற்றலாம். ஒரு தாளில் நண்டு விலை மட்டும், மற்றதில் கணவாய் விலை மட்டும். இருவரும் கேட்டுக் கேட்டு நிரப்ப வேண்டும். "ஹவ் மச் இஸ் த க்ராப் இன் ஷாப் ஒன்?", "சே இட் அகெய்ன்", "விச் ஷாப்?" என்ற மூன்று வாக்கியமும் வேலை முடியும்வரை பலகையில் இருக்கட்டும். எதிரெதிரே உட்கார்ந்தால் தாளை எட்டிப் பார்த்துவிடுவார்கள். பார்த்தாலே விடை கிடைக்கும்போது பேச என்ன தேவை? முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வையுங்கள். கெட்டிக்காரப் பிள்ளையோடு திக்குகிற பிள்ளையைச் சேர்த்தால் கேள்வி கேட்பதைத் திக்குகிற பிள்ளை தொடங்கட்டும். நடுவில் தமிழ் வந்தால் நிறுத்த வேண்டாம். விலையைத் தமிழில் சொல்லிக்கொண்டால் மட்டும் அந்த வரி செல்லாது என்று விதி வையுங்கள்.

சரளத்துக்கு வாரம் ஒருமுறை ஒரே பேச்சை மூன்று பேரிடம் சொல்ல வைப்பது நல்ல பயிற்சி. பால் நேஷன் எழுதி உலகம் முழுக்கப் பரவிய முறையில் நான்கு, மூன்று, இரண்டு நிமிடம். நம் ஆறாம் வகுப்புக்கு இரண்டு, ஒன்றரை, ஒன்று போதும். மூன்று முறையும் கேட்பவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். ஒரே ஆளிடம் மறுபடி சொல்ல பிள்ளைக்கே வெட்கமாக இருக்கும்.

சொற்களும் வாசிப்பும்

ஒரு வகுப்புக்கு எட்டுப் புதிய சொல் போதும். அன்றே வகுப்பு முடியுமுன் ஒருமுறை, மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று அவை திரும்பி வர வேண்டும். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதே நிற்கும் என்பது 1885இல் எபிங்ஹவுஸ் தொடங்கிய ஆய்விலிருந்து திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ்ப் பொருள் எழுதுங்கள். மேலே சொன்ன ஐந்து தடவைக்கு ஒன்றாக ஐந்து தீப்பெட்டி வைத்து, புதிய அட்டையை முதல் பெட்டியில் போடுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். தவறினால் முதல் பெட்டிக்குத் திரும்பும். தமிழ்ப் பொருள் எழுதினால் ஆங்கிலம் கெடும் என்பது வீண் பயம். சொல்லை முதன்முதலில் பிடிக்க அதுதான் விரைவான வழி.

ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும். இடது-வலது, மேலே-கீழே, நேற்று-நாளை போன்ற ஜோடிகளை ஒரே நாளில் புதிதாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வருஷக்கணக்கில் குழப்பும். முதலில் 'லெஃப்ட்' மட்டும்; அது தடுமாறாமல் வந்தபின், இரண்டு வாரம் கழித்து 'ரைட்'. பழ அட்டவணை, நிற அட்டவணையை ஒரே மூச்சில் ஒப்பிப்பதற்கும் இது பொருந்தும்.

வாசிப்பில் நடக்கும் பெரிய தவறு, சத்தமாக வாசித்தால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வது. கீழக்கரை போன்ற ஊர்களில் மதரஸாவில் ஓதிப் பழகிய பிள்ளைகள் வலமிருந்து இடமாகப் போகும் ஓர் எழுத்தைச் சரளமாக ஒலிப்பார்கள். மூன்றாவது எழுத்துமுறைக்கு அது நல்ல அடித்தளம். ஓதுதலுக்கு அதற்கேயான நோக்கம் உண்டு. ஆங்கிலப் பாடத்தின் நோக்கமோ பொருள். எனவே வாசித்து முடித்ததும் "யார், எங்கே, என்ன செய்தார்" என்று தமிழிலேயே கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் பாடம் கடினம். உதவியில்லாமல் வாசித்துப் புரிய நூற்றில் 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்பது நேஷன் சொல்லும் கணக்கு. உங்கள் உதவியோடு என்றால் 95. ஒரு பத்தியில் நூறு சொல்லை எண்ணித் தெரியாத சொல்லைப் பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள். கோடு ஐந்தைத் தாண்டினால் அந்தப் பாடத்தின் கதையை நீங்களே நூறு சொல்லில் எளிதாக எழுதி அதை முதல் நாள் வாசிக்க வையுங்கள். பாடநூல் இரண்டாம் நாள். நோட்ஸிலிருந்து வினா விடையை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதற்கு ஆகும் நேரத்தைவிட இது குறைவு.

ஐந்தாம் வகுப்பிலும் தமிழ் தடுமாறி வாசிக்கிற பிள்ளைக்கு ஆங்கில வாசிப்பை அதிகமாக்குவது உதவாது. வாசிக்கும் திறமை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கும் என்பது ஜிம் கம்மின்ஸ் முதலியோரின் நெடுங்கால ஆய்வு. தமிழ் வாசிப்பைச் சரிசெய்தால் ஆங்கிலமும் சேர்ந்தே நகரும். அந்தப் பிள்ளையின் ஆங்கில நேரத்தில் பத்து நிமிடத்தைத் தமிழ்க் கதை வாசிக்க ஒதுக்குவதை யார் கேள்வி கேட்டாலும் தயங்காமல் செய்யுங்கள்.

எதைத் திருத்துவது, எப்படி

எல்லாவற்றையும் திருத்தினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். எதையுமே திருத்தாவிட்டால் கடை இந்தி போல உறைந்துவிடும். ஒரு வகுப்புக்கு ஒரு வகைப் பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பிள்ளைகளிடம் திருத்தத் தகுந்தவை சில உண்டு. "வேர் யூ ஆர் கோயிங்?" என்ற கேள்வி வரிசை. "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்." 'ஏ', 'த' விட்டுப்போவது. பொருள் மாறுவதால் 'பின்' (pin), 'பின்' (bin) என்று இரண்டும் ஒன்றாக ஒலிக்கும் ஊசியும் குப்பைத் தொட்டியும். தமிழ் எழுத்து இந்த இரு ஒலியையும் பிரிக்காது என்பதால் ஆங்கில எழுத்தைக் காட்டி, உள்ளங்கையை வாய்க்கு முன் பிடித்து, காற்று பலமாகப் படுவது ஊசி என்று உணர வையுங்கள். 'பஸ்ஸு', 'இஸ்கூல்', 'யெவ்ரிதிங்' போன்றவை பொருளைக் கெடுப்பதில்லை. அவற்றுக்குக் கடைசி இடம்.

ராய் லிஸ்டரும் லெய்லா ரான்டாவும் கனடா வகுப்புகளில் பதிவு செய்து 1997இல் வெளியிட்டதில், ஆசிரியர் பிழையைச் சரியாக்கித் திரும்பச் சொல்வதே திருத்தங்களில் பாதிக்கு மேல்; பிள்ளை அதைக் கவனித்துத் திருத்திக்கொண்டதோ அதில்தான் மிகக் குறைவு. "எஸ்டர்டே மை ஃபாதர் கோ டு சீ" என்று பிள்ளை சொல்ல, "ஆமா, யுவர் ஃபாதர் வென்ட் டு சீ" என்று நீங்கள் சொன்னால், தன் அப்பாவைப் பற்றி டீச்சர் பேசுகிறார் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக "எஸ்டர்டே மை ஃபாதர்..." என்று நிறுத்தி, புருவத்தை உயர்த்தி, ஐந்து நொடி காத்திருங்கள். 'வென்ட்' முன்பு கேட்டிருந்தால் பிள்ளை தானே எடுக்கும். எடுத்ததும் முழு வாக்கியத்தையும் ஒருமுறை சொல்லட்டும். அந்தச் சொல்லே தெரியாத பிள்ளையிடம் இந்தக் காத்திருப்பு தண்டனையாகிவிடும். அங்கே நேராகச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

விட்டு விட்டு வரும் பிள்ளைகள், பெரியவர்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடை முடிந்து படகுகள் இறங்கும் நேரமும் பள்ளி திறக்கும் நேரமும் ஒட்டி வருகின்றன. வாடைக் காலத்தில் மழை, புயல் விடுமுறைகள் வேறு. வாரத்தின் எட்டெட்டுச் சொற்களையும் சுவரில் ஒட்டி வையுங்கள். விட்டு வந்த பிள்ளை அட்டைப் பெட்டியை எடுத்து ஒரு வாரத்தில் சேர்ந்துகொள்ளும். நீளமான தொடர்பாடங்களை நவம்பரில் வைக்காதீர்கள்.

வளைகுடா வேலைக்குப் போக ஆங்கிலம் கேட்டு வரும் இளைஞர்கள் தங்களுக்கு வயதாகிவிட்டது என்பார்கள். வகுப்பறைக் கற்றலில் வயதில் பெரியவர்கள் தொடக்கத்தில் சிறுபிள்ளைகளைவிட வேகமாகவே போகிறார்கள். கார்மென் முன்யோஸ் குழு பார்சிலோனாவில் அதைக் காட்டியது. உச்சரிப்பில் மட்டும் சொந்தமொழிச் சாயல் நிற்கும். அது வேலைக்குத் தடையில்லை. அவர்களுக்கு இலக்கண விளக்கம் பிடிக்கும், பயனும் தரும். ஐந்து நிமிட விளக்கம், இருபது நிமிடப் பேச்சு என்ற விகிதம் வையுங்கள். மேற்பார்வையாளரிடம் வேலை கேட்டு உறுதிப்படுத்துவது, சம்பளம் கேட்பது, உடம்பு சரியில்லை என்று சொல்வது என மூன்று சூழலை மட்டும் ஆழமாகப் பழக்குங்கள்.

முன்னேற்றத்தைப் பார்க்க

மாதத் தேர்வு மார்க்கில் இது எதுவும் உடனே தெரியாது. ஜூன், அக்டோபர், பிப்ரவரி மூன்று தடவை ஒரே படத்தைக் காட்டி, மீன் இறங்குதளப் படம் போதும், ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு நிமிடம் பேச வைத்து போனில் பதிவு செய்யுங்கள். ஐம்பது பேருக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். மொத்தம் எத்தனை சொல், மிக நீளமான வாக்கியத்தில் எத்தனை சொல், எத்தனை இடத்தில் தமிழுக்குத் தாவியது என்று மட்டும் எண்ணுங்கள். பிழைகளை எண்ணினால் அக்டோபரில் பல பிள்ளைகளுக்கு அது கூடியிருக்கும். ஜூனில் "ஃபிஷ். போட். மேன்." என்று சொன்னபோது பிழைக்கு இடமே இல்லை, "த மேன் இஸ் புட் த ஃபிஷ் இன் த பாஸ்கெட்" என்னும்போது ஒரு பிழை இருக்கிறது, ஒரு வாக்கியமும் இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் இரண்டு பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள்.